பட்டத்துக்கும் பணிக்கும் நடுவே: இந்தியத் தரவை வைத்துக் கல்வி–வேலை–பாலினச் சமநிலை மாதிரி கட்டுவது எப்படி?

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கைப்படி கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்தவர்கள் 4.33 கோடிப் பேர். அதில் பெண்கள் 2.07 கோடி. அறிவியல் பிரிவை மட்டும் எடுத்தால் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். படிப்பில் ஏறக்குறையச் சரிசமம் வந்துவிட்டது. ஆனால் திறன்சார் வேலைகளில் அந்தச் சரிசமம் இல்லை. இடையில் என்ன நடக்கிறது என்று கணக்காகக் காட்டுவதற்குத்தான் இந்த மாதிரி, அதாவது சில சமன்பாடுகளால் ஆன கணக்குச் சட்டகம் (மாடல்).

முதுகலை ஆய்வேடு எழுதுபவர்கள், தொண்டு நிறுவனத்தில் அறிக்கை தயாரிப்பவர்கள், தரவு இதழியலில் இருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். இதில் கணிதம் எளிய பகுதி, பிளஸ் டூ கணக்கு போதும். எந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதுதான் ஆளைத் திணறடிக்கும். நான் தொடங்கியபோது அதை வரிசையாகச் சொல்ல யாரும் இல்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதி ஒட்டிவையுங்கள்

"கல்வி வேலைவாய்ப்பை எப்படிப் பாதிக்கிறது?" என்பதை வைத்து மாதிரி கட்ட முடியாது. "பட்டம் பெறும் பெண்களில் எத்தனை பங்கு, எத்தனை ஆண்டுகளில், திறன்சார் வேலையில் இருப்பார்கள்? அந்தப் பங்கை மாற்றுவது எது?" என்பதை வைத்துக் கட்டலாம். கேள்விக்குள் யார், எந்த வேலை, எந்தக் காலம் என்ற மூன்றும் வந்துவிட வேண்டும்.

முதல் முறை செய்பவர்கள் இந்தியா முழுமைக்கும் செய்யுங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் செய்யத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஒரு மாநிலத்துக்குள் வயது, பாலினம், படிப்பு என்று பிரித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சில பத்துப் பேரை வைத்துப் பேச வேண்டியதாகிவிடும். அகில இந்திய மாதிரி ஓடிய பிறகு தமிழ்நாட்டுக்கு இறங்குங்கள்.

2. "திறன் பணியாளர்" யார் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

இதைத் தள்ளிப்போட்டால் பாதி வழியில் எல்லாவற்றையும் கலைக்க நேரும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று படிப்பை வைத்துச் சொல்வது: டிப்ளமோ, பட்டம், அதற்கு மேல். இன்னொன்று செய்யும் வேலையை வைத்துச் சொல்வது: தேசியத் தொழில் வகைப்பாட்டில் 1, 2, 3 என்ற பெரும்பிரிவுகள், அதாவது மேலாளர்கள், தொழில்முறை வல்லுநர்கள், தொழில்நுட்ப உதவியாளர்கள். பி.காம். முடித்துத் துணிக்கடையில் விற்பனையாளராக நிற்கும் பெண் முதல் வரையறையில் திறன் பணியாளர், இரண்டாவதில் இல்லை. வரையறையை மாற்றினால் முடிவே மாறும்.

இரண்டையும் சேர்த்தே வைக்கச் சொல்வேன். ஒருவர் டிப்ளமோவுக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும், வேலையும் 1 முதல் 3 வரையிலான பிரிவில் இருக்க வேண்டும். காரணம், முதல் பெரும்பிரிவில் சிறுகடை நடத்தும் உரிமையாளர்களும் "மேலாளர்" என்று வந்து விழுவதுண்டு. படிப்பு நிபந்தனை அவர்களில் பெரும்பாலோரை வடிகட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வரையறையில் ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன், வெல்டர், ஃபிட்டர் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். அவர்கள் திறனாளிகள்தான், பெரும்பாலும் ஆண்கள். அவர்களை விட்டுவிட்டால் பாலினச் சமநிலை உள்ளதைவிட நன்றாகத் தெரியும். விட்டிருக்கிறீர்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். முடிந்தால் ஏழாம், எட்டாம் பிரிவுகளைச் சேர்த்த இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள்.

3. ஆவணங்களைத் திரட்டுங்கள்

தேவையானவை எல்லாம் இணையத்தில் இலவசம். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பொறி இருக்கிறது.

தொழிலாளர் பங்கேற்புக்கு பி.எல்.எஃப்.எஸ். என்ற காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தால் தனிநபர் அளவிலான கோப்புகளைத் தரவிறக்கலாம். எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள், இரண்டு வரி எழுதினால் போதும். கோப்போடு வரும் அமைவு அட்டவணை, ரீட்மீ, களப்பணியாளர் கையேடு மூன்றையும் சேர்த்தே இறக்கிக்கொள்ளுங்கள். தரவு வெறும் எண் வரிசையாகத்தான் இருக்கும். எத்தனையாவது இடத்தில் வயது, எத்தனையாவது இடத்தில் படிப்பு என்பது அமைவு அட்டவணையில்தான் இருக்கிறது. அந்த இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். ஓர் ஆண்டுக்கு எழுதிய நிரலை அடுத்த ஆண்டுக்கு அப்படியே ஓட்டாதீர்கள். பிழைச் செய்தி எதுவும் வராமலே தப்பான எண் வந்து நிற்கும்.

படிப்புக் குறியீடுகளில் 08 பத்தாம் வகுப்பு, 10 பன்னிரண்டாம் வகுப்பு, 11 டிப்ளமோ, 12 பட்டம், 13 முதுகலையும் மேலும். 09 கிடையாது, அதைத் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள். வேலை நிலைக் குறியீடுகளில் 31 மாதச் சம்பளம், 11 சொந்தத் தொழில், 21 சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவி, 81 வேலை தேடுபவர், 91 படிப்பவர், 92, 93 வீட்டு வேலை. பாலினம் பற்றிய கணக்கு முழுக்க 21, 31, 92, 93 ஆகிய நான்கைச் சுற்றித்தான் நடக்கும். இந்த நான்கையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். கோப்பை எக்செலில் நேராகத் திறந்தால் 08 என்பது 8 ஆகிவிடும், எழுத்து வடிவமாகப் படிக்கச் சொல்லித் திறவுங்கள். தொழில் குறியீட்டிலும் கவனம் தேவை. பழைய சுற்றுகள் 2004 வகைப்பாட்டிலும் பிந்தையவை 2015 வகைப்பாட்டிலும் இருக்கின்றன. இணைக்கும் முன் பெரும்பிரிவு அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கல்லூரி எண்களுக்கு உயர்கல்விக் கணக்கெடுப்பு. இதில் "சேர்ந்திருப்போர்" அட்டவணையும் "தேர்ச்சி பெற்று வெளியேறியோர்" அட்டவணையும் தனித்தனி. மேட்டூர் அணைச் செய்தியில் நீர் இருப்பும் நீர்வரத்தும் வேறு வேறு என்று நமக்குத் தெரியும். இங்கே மட்டும் பலர் இருப்பை எடுத்து வரத்து என்று போட்டுவிடுகிறார்கள். மாதிரிக்குள் ஆண்டுதோறும் நுழைவது வெளியேறியோர் எண்தான். அதிலும் ஒரே பெண் பி.எஸ்சி. முடித்தபோது ஒரு முறை, எம்.எஸ்சி. முடித்தபோது இன்னொரு முறை எண்ணப்படுவார். அதனால் இளங்கலை, டிப்ளமோ தேர்ச்சியை மட்டும் வரத்தாக எடுங்கள். முதுகலையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில்தான் இருப்பதிலேயே பெரிய பொறி. 2019-20க்கு அகில இந்திய விகிதம் 27.1 என்று பழைய அறிக்கை சொல்லும். அடுத்த அறிக்கையில் அதே 2019-20க்கு 25.6 என்று இருக்கும். இரண்டும் சரி. கீழே வகுக்கும் 18–23 வயது மக்கள்தொகையை 2001 கணக்கெடுப்பை வைத்துக் கணித்ததிலிருந்து 2011 கணக்கெடுப்பை வைத்துக் கணித்ததற்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். இது தெரியாமல் 27.1-ஐயும் 2020-21இன் 27.3-ஐயும் அடுத்தடுத்து வைத்தால் வளர்ச்சியே இல்லை என்று தோன்றும். உண்மையில் 25.6-லிருந்து 27.3 ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டின் எண் 50-க்கு மேலிருந்து 47-க்கு வந்ததைப் பார்த்துப் பதறியவர்களும் உண்டு. விகிதத்தை விட்டுவிட்டு ஆள் எண்ணிக்கையை எடுத்து, நீங்களே ஒரே மக்கள்தொகைக் கணிப்பால் வகுப்பது பாதுகாப்பானது.

மக்கள்தொகைக்கு, 2011 முதல் 2036 வரை மாநில வாரியாக வெளியான மக்கள்தொகைக் கணிப்புக் குழு அறிக்கை. இறப்பு வீதத்துக்கு, பிறப்பு–இறப்பு வீதங்களைத் தரும் எஸ்.ஆர்.எஸ். கணக்கெடுப்பின் ஆயுள் அட்டவணை. பள்ளிக்கட்டம் வேண்டுமானால் மத்திய அரசின் பள்ளிப் புள்ளிவிவரமான யு-டைஸ் பிளஸ் அறிக்கை. அதில் 2022-23 முதல் மாணவர் ஒவ்வொருவரின் விவரத்தையும் தனித்தனியாகத் திரட்டும் முறை வந்துவிட்டது, முந்தைய ஆண்டுகளோடு நேராக ஒப்பிடாதீர்கள்.

4. எடை போடாமல் எதையும் எண்ணாதீர்கள்

பி.எல்.எஃப்.எஸ். தரவில் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எடை உண்டு, அதாவது நாட்டில் எத்தனை பேருக்கு அவர் பிரதிநிதி என்ற எண். கோப்பில் இருப்பது நேரடி எடை அல்ல. அதை 100-ஆலா 200-ஆலா வகுப்பது, எத்தனை காலாண்டுகளால் வகுப்பது என்பது ரீட்மீயில் இருக்கிறது. சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க ஒரு சோதனை: 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் பங்கேற்பு வீதம் (வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்த பங்கு), வழக்கமான நிலைப்படி (கடந்த ஓராண்டை வைத்துப் பார்க்கும் முறை), 2017-18க்கு 23.3 விழுக்காடும் 2023-24க்கு 41.7 விழுக்காடும் வர வேண்டும். ஆண்களுக்கு 2023-24இல் 78.8. இந்த மூன்றும் தசமம் வரை பொருந்தாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. இரண்டு பெட்டியில் தொடங்குங்கள்

இனிதான் கணிதம். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என ஒரே மாதிரியை இரு முறை ஓட்டப்போகிறோம். ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டிகள். "பணி" என்பது தகுதி உள்ளவர்களில் திறன்சார் வேலையில் இருப்போர். "வெளி" என்பது தகுதி இருந்தும் அந்த வேலையில் இல்லாதோர்: வீட்டில் இருப்பவர், வேலை தேடுபவர், தகுதிக்குக் கீழான வேலை பார்ப்பவர்.

ஐந்து எண்கள் வேண்டும். ப: ஆண்டுதோறும் படித்து முடிப்போர். நு: அவர்களில் நேராகத் திறன்சார் வேலைக்குள் நுழையும் பங்கு. வி: வேலையில் இருப்போரில் ஆண்டுதோறும் விலகும் பங்கு. தி: வெளியே இருப்போரில் ஆண்டுதோறும் (முதல் முறையாகவோ மறுபடியுமோ) உள்ளே வரும் பங்கு. ஓ: ஓய்வு, இறப்பு இரண்டாலும் கணக்கிலிருந்தே நீங்கும் பங்கு.

அடுத்த ஆண்டுப் பணி = பணி + நு × ப + தி × வெளி − (வி + ஓ) × பணி

அடுத்த ஆண்டு வெளி = வெளி + (1 − நு) × ப + வி × பணி − (தி + ஓ) × வெளி

அவ்வளவுதான். இதை எக்செலில் இரண்டு நெடுவரிசையாக இழுத்துவிட்டால் மாதிரி ஓடத் தொடங்கிவிடும். ஆனால் இழுப்பதற்கு முன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, எதுவும் மாறாமல் நெடுங்காலம் ஓடினால் எங்கே போய் நிற்கும் என்று கையால் கணக்கிடுங்கள். இரண்டு சமன்பாட்டையும் கூட்டினால் நு, வி, தி மூன்றும் அடிபட்டுப்போய், மொத்தத் தகுதியாளர் எண்ணிக்கை ப ÷ ஓ என்று வரும். அதைத் திரும்ப இட்டால்:

பணியில் இருக்கும் பங்கு = (நு × ஓ + தி) ÷ (ஓ + வி + தி)

இந்த வரியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். இதில் ப இல்லை! கல்லூரி இடங்களை இரண்டு மடங்காக்கினாலும் தகுதி பெற்ற பெண்களில் வேலையில் இருக்கும் பங்கு மாறாது. ஆள் எண்ணிக்கை கூடும், பங்கு அப்படியே நிற்கும். கல்வி கூடினால் சமநிலை தானே வந்துவிடும் என்று எழுதுகிற அறிக்கைகள் இந்த இடத்தைத்தான் தாண்டிப்போகின்றன.

பழகுவதற்குச் சில எண்களை இட்டுப் பார்ப்போம். இவை கணக்குக்காக நான் வைத்தவை, அளந்தவை அல்ல. இருபத்து மூன்றில் நுழைந்து ஐம்பத்தொன்பதில் முடிக்கிறவருக்கு 36 ஆண்டு. 1 ÷ 36 என்பது 0.028, இறப்பையும் சேர்த்து ஓ = 0.03 என்று கொள்ளலாம். பெண்களுக்கு நு = 0.6, வி = 0.04, தி = 0.02 என்றால் பங்கு 0.038 ÷ 0.09, அதாவது 42 விழுக்காடு. ஆண்களுக்கு நு = 0.85, வி = 0.005, தி = 0.10 என்றால் 93 விழுக்காடு. இரு தரப்பிலும் ஒரே எண்ணிக்கையில் பட்டம் பெற்றாலும் திறன் பணியாளர்களில் பெண்கள் 31 விழுக்காடுதான்.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பெண்களின் நுழைவை 0.6-லிருந்து 0.9 ஆக்கினால் 42 என்பது 52 ஆகிறது. திரும்பலை 0.02-லிருந்து 0.04 ஆக்கினால் 53. விலகலைப் பாதியாக்கினால் 54. முதலாவதற்கு வளாக நேர்காணலில் பத்துக்கு ஆறு பேர் என்பதைப் பத்துக்கு ஒன்பது என்று உயர்த்த வேண்டும். மூன்றாவதற்கு ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பேர் விலகுவதை இரண்டாகக் குறைத்தால் போதும். மூன்றையும் ஒன்றாகச் செய்தால் 74 விழுக்காடு, திறன் பணியாளர்களில் பெண்கள் 44.

இன்னொரு விஷயமும் இந்தச் சமன்பாட்டுக்குள் இருக்கிறது. மொத்த எண்ணிக்கை நிலைபெறும் வழியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்தைக் கடக்க எடுக்கும் காலம் 1 ÷ ஓ, அதாவது 33 ஆண்டு. பங்கு அதே அளவு தூரத்தைக் கடக்க எடுக்கும் காலம் 1 ÷ (ஓ + வி + தி), மேலுள்ள பெண்களின் எண்களில் 11 ஆண்டு. ஒரு திட்டம் தொடங்கி மூன்று ஆண்டில் "பலன் இல்லை" என்று தீர்ப்பு எழுதுகிறவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டலாம்.

6. வீதங்களை எங்கிருந்து எடுப்பது?

ஆக அதிக நேரம் இங்கேதான் போகும். நு ஓரளவு எளிது: படிப்பு முடித்த 21–24 வயதினரில் (குறியீடு 91-ஐ நீக்கிவிட்டு) திறன்சார் வேலையில் இருப்பவர் பங்கு.

வி, தி இரண்டும்தான் சிக்கல். ஓர் ஆண்டின் கணக்கெடுப்பில் ஒருவர் இன்று எங்கே இருக்கிறார் என்று தெரியும், எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. 2017-18இல் 25–29 வயதில் இருந்த பட்டதாரிப் பெண்களையும் 2022-23இல் 30–34 வயதில் இருக்கும் பட்டதாரிப் பெண்களையும் ஒப்பிடலாம், இருவரும் ஒரே பிறப்புத் தலைமுறை. ஆனால் அதில் கிடைப்பது விலகலும் திரும்பலும் கழிந்த நிகர மாற்றம் மட்டுமே. ஒரு சமன்பாட்டில் இரண்டு தெரியாத எண்கள். நூறு பேர் விலகித் தொண்ணூறு பேர் திரும்பினாலும், பத்துப் பேர் மட்டும் விலகினாலும் ஒரே விடை வரும்.

பிரிக்க வேண்டுமென்றால் அதே ஆளைத் திரும்பப் பார்த்த தரவு வேண்டும். பி.எல்.எஃப்.எஸ்.-இல் 2024 வரை நகர்ப்புறக் குடும்பங்களை அடுத்தடுத்த நான்கு காலாண்டுகளில் பார்த்திருக்கிறார்கள். குடும்ப எண், உறுப்பினர் எண் இரண்டையும் வைத்து ஆளை இணைக்கலாம். இணைத்த பின் பாலினம் ஒன்றா, வயது ஒன்றுக்கு மேல் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள், பொருந்தாதவற்றைக் கழித்துவிடுங்கள். கிராமப்புறத்துக்கு அந்தக் காலத்தில் மறுவருகை இல்லை. 2025 முதல் இரண்டு பகுதிகளிலும் மறுவருகை உண்டு, ஆனால் அடுத்தடுத்த நான்கு மாதங்களுக்கு மட்டும்.

இங்கே இரண்டு பொறிகள். காலாண்டு வீதத்தை நான்கால் பெருக்கி ஆண்டு வீதம் ஆக்காதீர்கள். காலாண்டு விலகல் 0.02, திரும்பல் 0.03 என்றால் ஆண்டுக்கு 0.08, 0.12 என்று தோன்றும். ஆனால் விலகியவர்களில் சிலர் அதே ஆண்டுக்குள் திரும்பிவிடுவார்கள். மாற்ற அணியை (எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு எத்தனை பங்கு போகிறது என்ற 2 × 2 அட்டவணையை) நான்கு முறை பெருக்கினால் வருவது 0.074, 0.111. சின்ன வித்தியாசம்தான், ஆனால் வீதங்கள் பெரிதாகப் பெரிதாக வித்தியாசமும் விரியும். இரண்டாவது பொறி பதிவுப் பிழை. ஒரே பெண்ணை ஒரு காலாண்டில் 21 என்றும் அடுத்ததில் 92 என்றும் பதிந்திருப்பார்கள். அவர் வாழ்க்கையில் எதுவும் மாறியிருக்காது, தரவில் விலகலும் திரும்பலும் நடந்துவிடும். சம்பள வேலையில் (31) இந்தக் குழப்பம் குறைவு என்பதால் முதலில் அங்கே மட்டும் வி, தி கணக்கிட்டுப் பாருங்கள்.

நீண்ட இடைவெளிக்கு இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2004-05இல் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றை 2011-12இல் மறுபடி பார்த்திருக்கிறார்கள், தரவும் இலவசம். பழையதுதான், ஆனால் ஏழாண்டு இடைவெளியில் யார் விலகினார், யார் திரும்பினார் என்று பார்க்க நல்ல இடம்.

7. வயதைச் சேருங்கள்

வி என்ற ஒரே எண் எல்லா வயதுக்கும் பொருந்தாது. பெண்களின் விலகல் திருமணம், மகப்பேறு நடக்கும் வயதில் குவிகிறது, திரும்பல் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு. சேர்க்கை வளர்ந்துகொண்டே இருக்கும் நாட்டில் தகுதியாளர்களில் இளையவர்கள்தான் அதிகம். ஆகவே வயது இல்லாத மாதிரி தப்பான வயதின் வீதத்தை எல்லோர் மேலும் ஏற்றிவிடும்.

25 முதல் 59 வரை ஐந்தாண்டுக் குழுக்களாகப் பிரியுங்கள், ஏழு குழு வரும். மக்கள்தொகைக் கணிப்பும் ஐந்தாண்டுக் குழுவில்தான் இருக்கிறது. மாதிரியையும் ஐந்தாண்டுக்கு ஒரு படியாக ஓட்டினால் ஒவ்வொரு படியிலும் எல்லோரும் ஒரு குழு மேலே நகர்வார்கள், கணக்கு சுத்தமாக இருக்கும். ஐந்தாண்டு வீதத்துக்கும் முன் சொன்ன அணிப் பெருக்கல்தான். 15 வயதிலிருந்து தொடங்காதீர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் "வேலையில் இல்லாதவர்" ஆகிவிடுவார்கள்.

ஒரு கட்டத்தில், உதாரணமாக 45–49 வயது டிப்ளமோ படித்த பெண்கள் என்ற கட்டத்தில், எடை போடாமல் எண்ணினால் நூறு பேருக்குக் குறைவாக இருந்தால் பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிடுங்கள். 2024 வரையிலான சுற்றுகளில் ஓர் ஆண்டின் முழுத் தரவில் சுமார் 1 லட்சம் குடும்பங்களும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களும் இருந்தாலும் இப்படிப்பட்ட கட்டங்கள் வேகமாக வற்றிவிடும். மூன்று ஆண்டுத் தரவைச் சேர்ப்பதும் உதவும். எடையை மூன்றால் வகுக்க மறக்காதீர்கள்.

8. துறையும் ஊர்மாற்றமும்

நேரம் இருந்தால் ப-வைத் துறைவாரியாகப் பிரியுங்கள். அறிவியலில் பெண்கள் முந்திவிட்டார்கள் என்று சொன்னேன், பொறியியலில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. வேலைவாய்ப்புள்ள துறையில் வரத்தே குறைவு என்றால் அங்கே மட்டும் ப முக்கியமாகிறது. கலை–அறிவியல், பொறியியல், மருத்துவம்–செவிலியம் என்று மூன்றாகப் பிரித்தால் போதும். பி.எல்.எஃப்.எஸ்.-இல் தொழில்நுட்பக் கல்விக்குத் தனிக் கேள்வி இருப்பதால் வேலைப் பக்கத்திலும் பிரிக்க முடியும்.

மாநில மாதிரி என்றால் ஊர்மாற்றத்தைத் தவிர்க்க முடியாது. பி.எல்.எஃப்.எஸ். 2020-21இல் இடப்பெயர்வுக் கேள்விகள் உண்டு. இடம்பெயர்ந்த பெண்களில் 86.8 விழுக்காட்டினர் திருமணத்துக்காக இடம்பெயர்ந்தவர்கள். வேலைக்காக ஊர் மாறும் ஆணுக்கும் திருமணத்துக்காக ஊர் மாறும் பெண்ணுக்கும் ஒரே இடப்பெயர்வு வீதத்தை வைத்தால் மாதிரி பொய் சொல்லும். ஆணின் நகர்வு பெரும்பாலும் "பணி"யிலிருந்து "பணி"க்கு. பெண்ணின் நகர்வில் கணிசமான பகுதி "பணி"யிலிருந்து "வெளி"க்கு.

9. சரிபாருங்கள்

2017-18 முதல் 2021-22 வரையிலான தரவில் வீதங்களைக் கணக்கிட்டு, 2022-23, 2023-24 ஆண்டுகளை மாதிரியைக் கொண்டு கணித்து, உண்மை எண்ணோடு ஒப்பிடுங்கள். 2019-20இன் கடைசிக் காலாண்டும் 2020-21உம் ஊரடங்குக் காலம். அந்த ஆண்டுகளைச் சேர்த்தும் விட்டும் இரு முறை ஓட்டி இரண்டையும் காட்டுங்கள். 2025 ஜனவரியிலிருந்து கணக்கெடுப்பின் சாம்பிள் முறை மாறிவிட்டது, ஆண்டும் ஜூலை–ஜூன் என்பது போய் ஜனவரி–டிசம்பர் ஆகிவிட்டது. வரைபடத்தில் அங்கே ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிடுங்கள். கோட்டின் இரு பக்கத்தையும் ஒரே வளைவாக இணைக்காதீர்கள்.

அப்புறம், இந்த 23.3-லிருந்து 41.7. ஆறே ஆண்டில் இவ்வளவு ஏற்றமா, கல்வியின் பலன்தான் என்று எழுதத் தூண்டும். எழுதிவிடாதீர்கள். வேலையில் இருக்கும் பெண்களில் சுயதொழிலில் இருப்போர் 51.9-லிருந்து 67.4 விழுக்காடு ஆகியிருக்கிறார்கள். சம்பளமில்லாத குடும்ப உதவியும் அதற்குள்தான் வருகிறது. மாதச் சம்பளத்தில் இருப்போர் 21-லிருந்து 15.9 ஆகக் குறைந்திருக்கிறார்கள். மொத்தப் பங்கேற்பு வீதத்தோடு உங்கள் மாதிரியைப் பொருத்தினால் திறன் பணியாளரைப் பற்றி எதுவும் தெரியாது. பட்டதாரிகள், திறன்சார் வேலை என்ற வரம்புக்குள் மட்டும் பொருத்துங்கள். படிப்புக்கும் பெண்களின் பங்கேற்புக்கும் உள்ள உறவு இந்தியாவில் நேர்கோடும் அல்ல. படிக்காத பெண்கள் வறுமையால் வேலைக்குப் போகிறார்கள், பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்களிடம் பங்கேற்பு இறங்குகிறது, பட்டத்துக்குப் பிறகு மறுபடி ஏறுகிறது. நேர்கோட்டுச் சமன்பாடு ஒன்றைப் போட்டு முடித்துவிட்டால் நடுவில் இருக்கும் பள்ளம் மறைந்துவிடும்.

கடைசியாக, ஒவ்வொரு வீதத்தையும் பத்து விழுக்காடு ஏற்றி இறக்கி, விடை எவ்வளவு அசைகிறது என்று ஓர் அட்டவணை. பிறகு எல்லா வீதங்களையும் அவற்றின் பிழை எல்லைக்குள் சீரற்று மாற்றி ஆயிரம் முறை ஓட்டி, விடையை ஓர் எண்ணாகச் சொல்லாமல் ஓர் இடைவெளியாகச் சொல்லுங்கள்.

10. திட்டங்களை எந்த வீதத்தில் செருகுவது?

கொள்கை பற்றிக் கேள்வி வரும்போது, அந்தத் திட்டம் ஐந்து எண்களில் எதைத் தொடுகிறது என்று முதலில் எழுதுங்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகள் உயர்கல்வி பயில மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்நாட்டின் புதுமைப் பெண் திட்டம் (2022 செப்டம்பர்) ப-வை உயர்த்துகிறது. நான் முதல்வன் போன்ற திறன் பயிற்சி நு-வை. வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதிகள் நு-வையும், ஊர்மாற்றத்தால் வரும் வி-யையும். 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த 26 வார விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகமும் வி-யை. இந்த வரிசையை எழுதும்போதே தெரிந்துவிடும், தி-யைத் தொடும் திட்டம் எவ்வளவு அரிது என்று. பத்து ஆண்டு வீட்டில் இருந்த பட்டதாரிப் பெண்ணை மறுபடி தகுதிக்கேற்ற வேலையில் அமர்த்த யார் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

வி, தி இரண்டும் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பக்கத்தில் வையுங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண் ஒரு நாளைக்குச் செலவிட்டது 2019இல் 299 நிமிடம், 2024இல் 289. ஆண் 97-லிருந்து 88. படிப்பு கூடிய அளவுக்கு இந்த எண் நகரவில்லை. மாதிரிக்குள் இதை நேரடியாகப் புகுத்தத் தேவையில்லை. ஆனால் 2036 வரை கணிக்கும்போது வி தானாகக் குறையும் என்று ஊகம் வைத்தால், அந்த ஊகத்துக்கு என்ன ஆதாரம் என்று இந்த எண்கள் கேட்கும்.

11. செலவும் காலமும்

மேலே சொன்ன தரவு எதற்கும் பணம் கிடையாது. ஆர், பைத்தான் நிரல்மொழிகள் இரண்டும் இலவசம், இரண்டு பெட்டி மாதிரிக்கு எக்செலே போதும். எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினியில் ஓடும், இல்லையென்றால் இணையத்திலேயே நிரல் ஓட்ட உதவும் கூகுள் கோலாபில் ஓட்டலாம். பணம் கேட்பது சி.எம்.ஐ.இ. என்ற தனியார் ஆய்வு நிறுவனத்தின் குடும்பத் தொடர்தரவு மட்டும்தான். அது சந்தா முறை. உங்கள் பல்கலைக்கழக நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம், சொந்தப் பணத்தை எடுப்பதற்கு முன் அங்கே கேளுங்கள்.

காலம்தான் செலவு. புதியவர் ஒருவர் மாலை நேரங்களில் மட்டும் வேலை செய்தால், தரவைப் படித்து எடை சரிபார்க்க ஒரு மாதம், இரண்டு பெட்டி மாதிரிக்கு ஒரு வாரம், வி–தி கணக்கிட இரண்டு மாதம், வயதும் சரிபார்ப்பும் சேர்த்து இன்னொரு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வேட்டுக்கு ஆறு மாதம் இருந்தால் துறைப் பிரிப்பு வரை போகலாம், நான்கரை மாதம்தான் என்றால் ஏழாம் படியோடு நிறுத்தி ஒன்பதாம் படியைச் செய்துவிடுங்கள். உயர்கல்வி அறிக்கை தாமதமாகத்தான் வரும், 2021-22க்கான அறிக்கை 2024 ஜனவரியில் வந்தது. புதிய அறிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இருப்பதை வைத்து முடித்து, எந்த ஆண்டுத் தரவு, எந்தத் தேதியில் இறக்கியது என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். இணையதளத்தில் கோப்புகளைத் திருத்தி மறுபடி ஏற்றுவதுண்டு. ஆறு மாதம் கழித்து வழிகாட்டிப் பேராசிரியர் ஓர் எண்ணைக் காட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது அந்தத் தேதி கையில் இருக்க வேண்டும்.